நெடுவழி மிதிவண்டிப் பயணமும் கெண்டைக்கால் பிடிப்பும்

ஆகஸ்டு மாதத்தின் இறுதி வாரம் நெருங்கும்போது நம் பங்குகளில் ஒரு பரபரப்புத் தோன்றுவதை ஆண்டுதோறும் காண்கிறோம். 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறும்; செப்டம்பர் 8ஆம் நாள் வரை திருவிழா. காவியுடை தரித்து நடந்தே செல்வோர் ஒருபுறமிருக்க, மிதிவண்டியில் குழுவாகப் புறப்படும் இளைஞர்களும் உண்டு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்றால் முந்நூறு கிலோமீட்டர் அளவில் மிதிக்க வேண்டியிருக்கும். அன்றாடம் வீட்டிலிருந்து வேலைத்தலத்துக்கு நான்கைந்து கிலோமீட்டர் மட்டுமே மிதித்துப் பழகிய கால்கள், திடீரென ஒரே நாளில் நூறு கிலோமீட்டரைக் கடக்கும்படி பணிக்கப்படுகின்றன. வழியில் எவரேனும் ஒருவர் காலைப் பற்றிக்கொண்டு புளியமரத்தடியில் உட்கார்ந்துவிடுவதும், உடன் வந்தோர் ஆளுக்கொரு வைத்தியம் சொல்வதும் வியப்பன்று. புறப்பட எண்ணும் பிள்ளைகளும் அவர்களை அனுப்பிவைக்கும் பெற்றோரும் இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இம்மாதம் இப்பொருளை எடுத்துக்கொள்கிறோம்.

கெண்டைக்கால் சதையோ தொடைச் சதையோ கல்லாக இறுகி, உடையவரின் சொற்கேளாமல் நிற்கும் இந்நிலையைக் குரக்குவலி என்பது பழைய வழக்கு. தசைப்பிடிப்பு என்பது இக்கால வழக்கு. நம் வீட்டுப் பெரியவர்களோ, 'நரம்பு சுண்டி இழுக்கிறது' என்பார்கள். படித்த பிள்ளைகள் அதைக் கேட்டு, 'பிடிப்பது சதைதானே, நரம்பு எங்கே வந்தது?' என்று திருத்துவதும் உண்டு. பெரியவர்களின் சொல்லில் எவ்வளவு உண்மை உள்ளது என்பதைச் சற்றுப் பின்னர்க் காண்போம்.

உடலில் உப்பும் நீரும் குறைவதால்தான் தசை பிடிக்கிறது என்பது பலரும் அறிந்த விளக்கம். இது 1920களில் வலுப்பெற்ற கருத்து. இங்கிலாந்தின் ஆழமான நிலக்கரிச் சுரங்கங்களில் கொடிய வெப்பத்தில் உழைத்தவர்கள், வியர்வை ஆறாகப் பெருக, வெறுந்தண்ணீரை மிகுதியாகக் குடித்துத் தசைப்பிடிப்பால் துடித்தார்கள். அவர்களுக்குச் சிறிது உப்பிட்ட நீரைக் கொடுத்தபோது துன்பம் தணிந்தது. அது மெய்யான அனுபவமே. ஆயினும், வெப்பத்தில் நாள் முழுதும் உழைத்தவருக்கு உண்மையாயிருந்தது, பந்தயத்தில் ஓடுபவருக்கும் மிதிப்பவருக்கும் அப்படியே பொருந்துமா என்ற ஐயம் பின்னர் எழுந்தது. குளிர்நாடுகளிலும் தசை பிடிக்கிறதே! உடல் முழுவதிலும் உப்புக் குறைந்திருந்தால், மிதிக்கிற கால் மட்டும் பிடித்துக் கை பிடிக்காமலிருப்பது ஏன்?

தென்னாப்பிரிக்க மருத்துவர் மார்ட்டின் ஷ்வெல்னஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் 1997இல் வேறொரு விளக்கத்தை முன்வைத்தனர். தசைக்குள், 'சுருங்கு' என்னும் தூண்டுதலை எழுப்பும் நுண்ணிய உணர்உறுப்புகள் உள்ளன. தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணில், 'போதும், தளர்ந்துவிடு' என்று தடுக்கும் உணர்உறுப்புகள் உள்ளன. இவ்விரண்டும் ஒன்றையொன்று சரிகட்டும் வரையில் கால் நன்றாக இயங்கும். தசை அளவுமீறிக் களைத்துப்போனால் தூண்டும் குரல் ஓங்குகிறது. தடுக்கும் குரல் மங்குகிறது. தண்டுவடத்திலிருந்து கட்டளை இடைவிடாது பாய, சதை இறுகியபடியே நிற்கிறது. ஆக, 'நரம்பு இழுக்கிறது' என்ற பாட்டிமார் அப்படியொன்றும் தவறாகச் சொல்லிவிடவில்லை.

2011இல் வெளியான அவர்களுடைய மற்றோர் ஆய்வு நமக்கு மேலும் பயனுள்ளது. 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் மிதிவண்டி, 42 கிலோமீட்டர் ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் முடிக்கும் கடும் பந்தயத்தில் கலந்துகொண்ட 210 பேரை அவர்கள் ஆராய்ந்தனர். தசை பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்குமிடையே நீர்க்குறைவிலோ இரத்தத்திலுள்ள சோடியத்திலோ காரணமெனச் சொல்லத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. விரைவாகச் சென்றவர்களும், முன்னரே தசைப்பிடிப்புக்கு ஆளானவர்களுமே மிகுதியாகத் துன்புற்றார்கள். எல்லா மருத்துவரும் இதனோடு முற்றிலும் உடன்பட்டுவிடவில்லை. நம் நாட்டு வெயிலில் உப்பையும் நீரையும் புறக்கணிக்கலாம் என்று நாமும் சொல்லமாட்டோம். ஆயினும், பழக்கத்துக்கு மிஞ்சிய வேகத்தில் மிதித்துவிட்டு, உப்பு நீரை நம்பியிருப்பது வீண் என்பதில் நமக்கு ஐயமில்லை.

பிடித்துவிட்டால் செய்ய வேண்டியது யாது? மிதிப்பதை உடனே நிறுத்தி, வண்டியைச் சாலையின் ஓரத்துக்குக் கொண்டுவந்து இறங்க வேண்டும். பின்னால் லாரியும் பேருந்தும் விரைந்து வரும் சாலையில் ஒற்றைக் காலால் மிதித்துச் சமாளிக்க முயல்வது, வலியைவிடப் பெரிய ஆபத்தை வருவித்துக்கொள்வதாகும். இறுகிய தசையை மெல்ல நீட்டுவதே கைகண்ட மருந்து. நீட்டும்போது தசைநாணின் தடுக்கும் குரல் மீண்டும் எழுகிறது. கெண்டைக்கால் பிடித்தால், தரையில் அமர்ந்து முழங்காலை நேராக நீட்டி, பாதத்தின் விரல்களைத் தம்மை நோக்கி இழுக்க வேண்டும். கை எட்டாவிடில் துண்டை உள்ளங்காலில் மாட்டி இழுக்கலாம். நண்பர் ஒருவர் பாதத்தைத் தள்ளியும் உதவலாம். தொடையின் முன்புறம் பிடித்தால், மரத்தையோ சுவரையோ பற்றி நின்று, முழங்காலை மடக்கிக் குதிகாலைப் பின்புறமாக மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். பின்தொடை பிடித்தால், மல்லாந்து படுத்துக் காலை நீட்டியபடியே உயர்த்த வேண்டும். இருபது முப்பது விநாடிகள் அப்படியே பிடித்திருந்து, இறுக்கம் விட்டபின் மெதுவாகத் தளர்த்துக. வெட்டி இழுப்பதும், குத்துவதும், சதையின்மேல் ஏறி மிதிப்பதும் தசை நார்களைக் கிழித்துவிடக்கூடும். தைலம் தேய்ப்பதால் தீங்கில்லை. தேய்க்கும் கை இதம் தரும், அவ்வளவே. வலி நின்றதும் ஏறிப் பறக்கலாகாது. சற்று நடந்து, பின்னர் ஏறி, கடைசிவரை மெதுவாகவே செல்ல வேண்டும்; ஒருமுறை பிடித்த தசை அன்றைக்கே மீண்டும் பிடிக்கும் இயல்புடையது.

மேல்நாட்டு விளையாட்டு வீரர் சிலர் ஊறுகாய்ச் சாற்றைக் குடிப்பதாகக் கேள்விப்பட்ட அன்பர்கள் இருக்கலாம். அவர்கள் குறிப்பிடுவது, வெள்ளரிப் பிஞ்சை ஊறவைத்த உப்பும் வினிகரும் கலந்த நீரை. எண்ணெயும் மிளகாயும் மிதக்கும் நம் எலுமிச்சை ஊறுகாயையன்று. அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில், மின்தூண்டலால் கால் பெருவிரல் தசையில் பிடிப்பை உண்டாக்கி இச்சாற்றைக் கொடுத்தார்கள். தண்ணீர் குடித்தபோது 134 விநாடிகள் அளவில் நீடித்த பிடிப்பு, சாறு குடித்தபோது 85 விநாடிகள் அளவில் நின்றது. அதற்குள் சாறு இரத்தத்தில் கலந்திருக்க முடியாது. தொண்டையில் பட்ட புளிப்பே நரம்பின் வழியாக இறுக்கத்தைத் தளர்த்தியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளரின் கருத்து. சுவையான செய்திதான், எனினும், தசையை நீட்டத் தெரிந்தவருக்குப் புட்டியைச் சுமந்து செல்லும் தேவை இல்லை.

வராமல் காப்பதற்கு வருவோம். இரண்டு மாதங்களுக்கு முன்பே பயிற்சியைத் தொடங்குவது முதற்கடமை. ஞாயிறு தோறும் இருபது, முப்பது, நாற்பது எனத் தொலைவைச் சிறுகச் சிறுகக் கூட்டி, புறப்படுவதற்கு முன் ஒரு நாளைய தொலைவில் முக்காற்பங்கையேனும் ஒருமுறை மிதித்துப் பார்த்துவிட வேண்டும். பயணத்தின்போது, பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே சரியான வேகம். குழுவில் வலிமை மிகுந்தவர் முன்னே பறப்பதும், இளைத்தவர் அவரை எட்டிப் பிடிக்கக் கால் நோக மிதிப்பதும் வழக்கமாகிவிட்டது. குழுத் தலைவர்கள் மிக மெதுவாகச் செல்பவரை முன்னே விட்டு, அவருடைய வேகத்தையே அனைவருக்கும் வேகமாக வைக்கட்டும்.

அடுத்தது இருக்கையின் உயரம். பயணத்துக்கென்று அண்ணனிடமும் அடுத்த வீட்டாரிடமும் இரவல் வாங்கும் வண்டிகளில் இதனை எவரும் கவனிப்பதில்லை. இருக்கையில் அமர்ந்து குதிகாலைப் பெடலின்மேல் வைத்து, பெடல் மிகத் தாழ்ந்த நிலைக்கு வரும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் சற்றே வளைவு இருக்கும். இருக்கை அதைவிட உயர்ந்திருந்தால் கால்விரலை ஊன்றி ஊன்றி மிதிக்க நேர்ந்து கெண்டைக்கால் எப்போதும் சுருங்கியே இருக்கும். மிகத் தாழ்ந்திருந்தால் முழுச் சுமையும் தொடைக்கும் முழங்காலுக்கும் போய்ச் சேரும். ஒரு ஸ்பானரும் ஐந்து நிமிடங்களும் போதும், இதைச் சரிசெய்ய.

ஒரு லிட்டர் வியர்வையில் ஒரு கிராம் முதல் நான்கு கிராம் வரை உப்பு வெளியேறக்கூடும்; இது ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே தாகத்துக்கேற்பக் குடிப்பதும், உப்பிட்ட நீர்மோர், உப்பும் சர்க்கரையும் சேர்த்த எலுமிச்சைச் சாறு, காலையில் நீராகாரம் என உப்புள்ளவற்றைச் சேர்த்துக்கொள்வதும் நன்று. ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டிச் சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து வைத்துக்கொள்ளலாம். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியமே. வாழைப்பழம் பசிக்கு நல்லது. பிடிப்பை உடனே நீக்கும் ஆற்றல் அதற்கில்லை. தாகமின்றி வெறுந்தண்ணீரைக் குடம் குடமாகக் குடிப்பது இரத்தத்தில் சோடியத்தைத் தாழ்த்தித் தலைவலி, வாந்தி, மனக்குழப்பம் வரை கொண்டுபோய்விடும்.

மருந்துக்கடையில் கொயினா மாத்திரை கேட்டு வாங்கிவருவோர் ஒரு செய்தியை அறிய வேண்டும். இதயத் துடிப்பையும் இரத்த அணுக்களையும் அது பாதிக்கக்கூடும் என்பதால், காலில் பிடிப்புக்காக அதனைக் கடைகளில் நேரடியாக விற்பதை அமெரிக்க அரசு 1994ஆம் ஆண்டிலேயே நிறுத்திவிட்டது. இரத்த அழுத்தத்துக்காக நீர்பெருக்கி மாத்திரையோ, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையோ உண்பவர்களும், நீரிழிவு உள்ளவர்களும் பயணத்துக்கு முன் தங்கள் மருத்துவரைக் கண்டு கேட்டுக்கொள்வது தேவை.

சிறுநீர் காப்பி நிறமாகக் கறுத்து, தசை வீங்கி வலி தணியாதிருந்தால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று ஐயுற்று அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக நோவெடுத்தாலும், உடலெங்கும் பிடிப்பு வந்து பேச்சுக் குழறினாலும் அவ்வாறே.

தங்குமிடத்தில் இரவு உறங்கும்போதும் கெண்டைக்கால் பிடிக்கலாம். படுக்குமுன் சுவரைப் பற்றி நின்று, குதிகால் தரையில் பதிய, இரு கெண்டைக்கால்களையும் சில முறை நீட்டிவிட்டுப் படுத்தால் பெரும்பாலும் தொல்லை குறையும். திரும்பும் பயணத்துக்கு வண்டிகளை ஒரு சிற்றுந்தில் ஏற்றி அனுப்பிவிட்டுப் பிள்ளைகளைப் பேருந்தில் வரச்செய்தால் வீட்டிலுள்ளோருக்கும் நிம்மதி.