நீர் சேமிக்கும் தோட்டம்

தோட்டம் என்றவுடன் பலருக்கு நினைவில் வருவது பசும்புல்வெளியே. ஜெய்ப்பூர் போன்ற நகரங்களில் இவ்வெண்ணம் மாற வேண்டும். அங்கு ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை பெய்துவிடுகிறது. ஏனைய மாதங்களில் புல்லைக் காப்பது குழாய்நீரே. 100 சதுர மீட்டர் புல்வெளிக்கு 5 மில்லிமீட்டர் அளவில் ஒருமுறை நீர் பாய்ச்ச 500 லிட்டர் செலவாகும். 20 லிட்டர் வாளியால் அளந்தால் அது 25 வாளி. தண்ணீர் லாரிக்காக மக்கள் குடங்களுடன் காத்திருக்கும் நாட்டில் இது முறையாகுமா?

இதற்கு மாற்றாக அமைபவை சதைப்பற்றுச் செடிகள். அவற்றுள் எளிதிற் கிடைப்பது சோற்றுக்கற்றாழை. இலையின் உட்சதையைச் 'சோறு' என்பது தமிழ் வழக்கு. கோடைக்கென நீரைச் சேமித்து வைக்கும் களஞ்சியம் அதுவே. இச்செடியின் இலைத்துளைகள் பகலில் மூடியிருந்து, வெப்பம் தணிந்த இரவில் திறக்கின்றன. ஆதலால் நீர் ஆவியாவது குறைகிறது. இராஜஸ்தான் மக்கள் இதனைக் 'குவார்பாட்டா' என்பர். கறியாகச் சமைத்தும் உண்பர்.

சிறு கற்றாழைகளை வளர்க்கப் பரந்த நிலம் தேவையில்லை. அடியில் துளையுள்ள தொட்டியும், பருமணல் கலந்த மண்ணும், மாடிமுகப்பில் சிறிது வெயிலும் போதும். தாய்ச்செடியின் அடியில் முளைக்கும் கன்றைப் பிரித்து, வெட்டுவாய் உலர்ந்தபின் நட வேண்டும். 'கட்டிப்போட்டால் குட்டிபோடும்' எனப்படும் இரணகள்ளியோ இலை விளிம்பிலிருந்தே கன்றுகளை ஈனும். மண் நன்கு உலர்ந்த பின்னரே நீர் ஊற்றுதல் நலம். மிகுநீர் வேரை அழுகச் செய்யும்.

இச்செடிகளில் முள் உண்டு, அழகில்லை என்பர் சிலர். ஹரியானாவின் பஞ்ச்குலாவில் உள்ள கள்ளித் தோட்டத்தைக் கண்டவர் அவ்வாறு கூறார். குழந்தைகள் ஓடியாடும் இடத்தை விட்டு ஓரமாக வைத்தால் முள்ளும் இடர் தராது. எனினும், மரம் தரும் நிழலை இவை தாரா. ஆகவே மரங்களை அகற்றித் தொட்டிகளை அடுக்குவது அறிவுடைமையன்று. விளையாட்டுக்கு உரிய திடலும் இருக்கட்டும். அழகுக்காக மட்டும் வளர்க்கப்படும் புல்வெளியே சுருங்க வேண்டும்.

இம்மாற்றத்தைப் பள்ளிகள் தொடங்கிவைக்கலாம். செடிகளை விலைகொடுத்து வாங்கவும் வேண்டியதில்லை. ஒரு வீட்டுக் கற்றாழை ஈனும் கன்றுகளை மாணவர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டால் பல வீடுகளில் தோட்டம் தோன்றும். புல்லுக்கு ஊற்றிய நீரும் குடிநீருக்கு மிஞ்சும்.