நொண்டுறது வீரமில்லை

"காலில அடிபடாம டைக்குவாண்டோ பழக ஏலுமா?" தன்னாமுனையில டைக்குவாண்டோ பழகுற பொடியனுகளிட்ட இதைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். மறுகா வழக்கமான பதில் வரும்: "பழகப் பழகக் கால் இறுகிப்போகும் மனே."

நாங்கள் சொல்கிறோம், இறுகாது. முறியும்.

எங்களில் ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. ஸ்பாரிங்கில் உதைத்த உதை எதிராளியின் முழங்கையில் போய் விழுந்தது. புறங்கால் வீங்கிவிட்டது. "எண்ணெய் பூசினாச் சரி" என்றார்கள். மூன்றாம் நாள் திரும்பவும் ஆட விட்டார்கள். கடைசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் எலும்பில் வெடிப்பு. அந்தக் கழகத்தில் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. "தைரியமான பிள்ளை" என்று தட்டிக்கொடுத்தார்கள்.

இந்தத் தட்டிக்கொடுப்புத்தான் எங்களுக்குப் பிரச்சினை.

தாய்லாந்துக்காரர் காலை இறுக்குறாங்களே என்று கேட்பீர்கள். அவர்கள் உதைப்பது முழங்காலுக்குக் கீழே உள்ள தடித்த எலும்பால். டைக்குவாண்டோவில் கணுக்காலுக்குக் கீழே உள்ள பாதம் பட்டால்தான் புள்ளி. அந்தப் பாதத்தின் மேற்பக்கத்தில் ஐந்து மெல்லிய நீள எலும்புகள். மேலே சதையே இல்லை, தோல்தான். அதைக் கொண்டுபோய் முழங்கையின் முனையில் அடித்தால் எது தோற்கும் என்று சொல்லவும் வேணுமா?

தவிர்க்கிற வழியும் பெரிய ரகசியமில்லை. முழங்காலை முதலில் நேரே தூக்கி, மறுகாத்தான் இடுப்பைத் திருப்ப வேணும். கீழிருந்து சரிவாக வீசினால் பாதம் நேரே முழங்கையின் அடியில் போய் மாட்டும். புறங்காலால் உதைக்கும்போது கணுக்காலை நீட்டி, விரல்களைக் கீழே மடக்கி இறுக்க வேணும். தளர்ந்த பாதம்தான் மடங்கி முறியுது. எட்டி நின்று விரல் நுனியால் தொடப் பார்க்காமல் அரை அடி கிட்டப் போக வேணும். முக்கியமாக, எதிராளி கையை இறக்கி விலாவை மூடியிருக்கும்போது வெறும் உதை போடக்கூடாது. தலைக்குப் போவதுபோல் ஒரு பொய் காட்டு. கை மேலே போகும், விலா திறக்கும். உடம்பு உதைக்கு 2 புள்ளி, தலைக்கு 3. முழங்கைக்குப் புள்ளியே இல்லை!

இவ்வளவையும் ஒரு கிழமையில் சொல்லிக்கொடுக்கலாம். ஏன் சொல்வதில்லை? பட் பிடித்து மெதுவாகப் பழக்க நேரம் வேணும், பொறுமை வேணும். முதல் மாதமே இரண்டு பேரை மோதவிட்டால் பார்க்கிற தாய் தகப்பனுக்கும் சந்தோசம், கழகத்துக்கும் பேர்.

காசில்லை என்பது அடுத்த சாட்டு. பெல்ட் பரீட்சைக்குக் காசு வாங்குகிறீர்கள். விழா வைத்தால் பிரதம அதிதிக்கு மாலையும் பொன்னாடையும் வருது. ஆறு சோடிப் பாதக் கவசம் வாங்கி மாறி மாறிப் போடக் காசில்லையா? 2000இல் சிட்னியில் முழுமையான ஒலிம்பிக் விளையாட்டாகிவிட்டது டைக்குவாண்டோ. அந்த அரங்கில் கவசமில்லாமல் யாரும் இறங்க ஏலாது. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற எங்கட பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வேறு சட்டம்?

அடிபட்டால் என்ன செய்வது? 1992இல் கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் தந்த எளிய சோதனை உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கு. நடுப்பாதம் நோகுது, நாலு அடி எடுத்து வைக்க ஏலாது என்றால் எக்ஸ்ரே எடுக்க வேணும். சின்னவிரல் பக்கம் பாதத்தின் நடுவில் துருத்துகிற எலும்பை அழுத்த நோகுதென்றாலும் அப்படித்தான். உழுக்கி விடுறதும் எண்ணெய் பூசுறதும் அதுக்குப் பதிலில்லை. மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை பஸ் ஏறினால் வருகிற தூரம்தான்.

நாங்கள் கேட்பது மூன்றே மூன்று: கவசமில்லாமல் ஸ்பாரிங் இல்லை; பட்டில் உதை சரியாக வரும்வரை மோதல் இல்லை; வைத்தியர் சொல்லும்வரை அடிபட்ட பிள்ளையை இறக்கக்கூடாது. இதைக் கேட்கிற பிள்ளையைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லும் மாஸ்டரிடம் தாய் தகப்பன்மார் இந்தக் கிழமையே போய்க் கேளுங்கள்: "கவசம் எங்கே?"