வண்டலூர் வாசலில் இருநூறு ரூபாய்

நிலம், கூலி, கல்வி, சுடுகாட்டுப் பாதை என்று கேட்டு முடிப்பதற்குள் நமக்கு நாள் போதவில்லை. ஓய்வைப் பற்றிப் பேச நேரமே வாய்ப்பதில்லை. வன்கொடுமை வழக்குகளுக்கு நடுவே புலியும் ஒட்டகச்சிவிங்கியும் எதற்கு என்று சில தோழர்கள் கேட்கலாம். ஒரு குடும்பம் தன் பிள்ளைகளோடு ஒரு நாளைச் சந்தோஷமாகக் கழிக்க முடிகிறதா என்பதும் சமத்துவம் பற்றிய கேள்விதான் என்று நாம் நினைக்கிறோம்.

சென்னையில் உழைக்கும் குடும்பங்கள் ஒரு முழு நாளைக் கழிக்க எத்தனை இடங்கள் இருக்கின்றன? மெரினா, கிண்டி சிறுவர் பூங்கா, வண்டலூர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மாலுக்குள் நுழையக் கட்டணம் இல்லை, ஆனால் வாசலில் நிற்கும் காவலரின் பார்வை நம் செருப்பிலிருந்து தொடங்கும். சொந்த ஊர்த் திருவிழாவுக்குப் போனால் தேர் எந்தத் தெருவோடு திரும்பிவிடும் என்பது நமக்குத் தெரியும். வண்டலூரில் ‘எந்த ஊர், எந்தத் தெரு’ என்று யாரும் கேட்பதில்லை. யானையைப் பார்க்க எல்லோரும் ஒரே தடுப்புக்கு இந்தப் பக்கம்தான் நிற்க வேண்டும். காணும் பொங்கலன்று அங்கே கூடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த இடத்தின் அருமை தெரியும்.

அதன் வரலாற்றையும் தெரிந்துகொள்வோம். 1855-இல் எட்வர்ட் பால்ஃபர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் இதைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய ‘பீப்பிள்ஸ் பார்க்’குக்கு மாறியது. பெயரே மக்கள் பூங்கா. சூளையிலிருந்தும் புளியந்தோப்பிலிருந்தும் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தே வந்துவிடக்கூடிய தூரம். 1985-இல் வண்டலூருக்குப் போய் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா ஆனது. நெரிசலிலும் புகையிலும் அடைபட்டிருந்த விலங்குகளுக்கு அது நல்ல மாற்றம், அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் நடந்துபோகும் தூரத்தில் இருந்த ஓர் இடம் அன்றோடு முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனது.

பிறகு மக்களையும் நகர்த்தினார்கள். 2000-க்குப் பிறகு நகரத்தின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று கொண்டுபோய் விடப்பட்டன. அவர்களில் கணிசமானோர் தலித்துகள். பெரும்பாக்கத்துக்கு ரயில் இல்லை. மேடவாக்கம் வழியாகத் தாம்பரம் போய், அங்கிருந்து இன்னொரு பேருந்தோ ரயிலோ பிடிக்க வேண்டும். 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது பெரிய உதவி. பெண்கள் பயணச் செலவை நினைக்காமல் கிளம்ப முடிகிறது. ஆனால் வாசலில் நிற்கிறது அடுத்த செலவு.

2023-இல் பெரியவர்களுக்கான நுழைவுக் கட்டணம் 115 ரூபாயிலிருந்து 200 ரூபாயானது. கணவன், மனைவி, மாமியார் மூன்று பேருக்கு மட்டும் 600 ரூபாய். பேட்டரி வண்டிக்கும் சிங்க உலாவுக்கும் தனிச் சீட்டு. செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து கிளம்பும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2024-25-க்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். இருவர் உள்ளே நுழைய 400 ரூபாய். ஒரு நாள் முழுக்க மண் வெட்டினாலும் ஜோடியாகப் புலியைப் பார்க்க முடியாது.

கட்டணம் கூடினால்தான் விலங்குகளை நன்றாகப் பராமரிக்க முடியும், கூட்டமும் குறையும் என்கிறார்கள். பராமரிப்புக்குப் பணம் வேண்டும் என்பது உண்மை. ஆனால் காப்புக்காட்டு நிலத்தில், பொதுப் பணத்தில் அமைந்த பூங்கா அது. கட்டணத்தால் கூட்டத்தைக் குறைக்கும்போது குறைகிறவர்கள் யார் என்று பாருங்கள். காரில் வருபவர் 85 ரூபாய் உயர்வுக்காகத் திரும்பிப் போகமாட்டார். ‘இவர்கள் வந்தால் குப்பை’ என்ற பேச்சும் கூடவே வரும். அந்தக் குப்பையை மறுநாள் காலையில் அள்ளுபவர்கள் பெரும்பாலும் யார் வீட்டுப் பெண்கள் என்பதும் நமக்குத் தெரியும். தன் பேரனை ஒரு பார்வையாளனாக அதே வாசல் வழியாக அழைத்து வர அந்தப் பெண்ணுக்கு முடிய வேண்டாமா?

அரசியலமைப்பின் 15(2) பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றோடு பொதுக் கேளிக்கை இடங்களையும் சேர்த்தே சொல்கிறது. சாதியின் பெயரால் யாரையும் அங்கே தடுக்க முடியாது. கட்டணம் சாதி பார்ப்பதில்லை என்பார்கள். ஆனால் நிலமில்லாதவர் யார், அன்றாடக் கூலி யார் என்பதைச் சாதிதான் பெருமளவு தீர்மானித்திருக்கும் நாட்டில், கட்டணமும் அந்தக் கோட்டின் மேலேயே விழுகிறது. மகாத் நகராட்சி சவுதார் குளத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டிருந்தது. 1927 மார்ச்சில் அம்பேத்கரோடு மக்கள் நடந்துபோய்த் தண்ணீர் அள்ளும்வரை அது காகிதத்தில்தான் இருந்தது. உரிமையை எழுதிவைப்பது ஒன்று, அங்கே போய்ச் சேர்வது வேறொன்று.

நாம் கேட்பது பெரிதல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு கட்டணமில்லா நாள், அல்லது குடும்ப அட்டையைக் காட்டினால் குறைந்த விலையில் ஒரே குடும்பச் சீட்டு. மறுகுடியமர்வுப் பகுதிகளிலிருந்து விடுமுறை நாட்களில் நேரடிப் பேருந்து. ஆதிதிராவிடர் நலப் பள்ளி, விடுதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வாகனத்தோடு கூடிய இலவசப் பயணம். இதற்கான செலவை வனத்துறையும் சுற்றுலாத் துறையும் தங்கள் பொது நிதியிலிருந்து ஏற்க வேண்டும். நம் கல்விக்கும் வீட்டுக்கும் உரிய துணைத் திட்ட நிதியில் கைவைத்துவிட்டு, ‘உங்களுக்குத்தான் செய்தோம்’ என்று சொல்லக் கூடாது.

மாணவத் தோழர்கள் இதைத் தங்கள் பகுதியிலேயே தொடங்கலாம். ஒரு தெருவில் இருபது வீடுகளில், குடும்பத்தோடு கடைசியாக எங்கே போனீர்கள், எவ்வளவு செலவானது, ஏன் மறுபடி போகவில்லை என்று கேட்டு எழுதுங்கள். அந்தத் தாள்களோடு ஒரு மனு எழுதி மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கொடுங்கள். பட்டாவுக்கும் உதவித்தொகைக்கும் நிற்கும் அதே வரிசையில், பிள்ளைகளின் ஒரு நாள் சந்தோஷத்துக்காகவும் நாம் நிற்கலாம்.