பபியாவின் மண்டையோடு என்ன சொல்லும்?

காசர்கோடு மாவட்டத்தின் அனந்தபுரம் ஏரிக்கோயிலில் நெடுங்காலம் வாழ்ந்த பபியா என்னும் முதலை 2022 அக்டோபரில் இறந்தது. கோயில் சோற்றை உண்டு வாழ்ந்த 'சைவ முதலை' என்றே ஊடகங்கள் அதற்கு அஞ்சலி செலுத்தின. அதன் எலும்புகள் கல்லாகிப் பல லட்சம் ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொல்லுயிரியலாளர் கையில் கிடைப்பதாகக் கொள்வோம். அகன்ற மூஞ்சியையும் கூம்புப் பற்களையும் கண்டு, அகப்பட்ட மீனையும் விலங்கையும் பிடித்துத் தின்ற ஊனுண்ணி என்று அவர் எழுதுவார். சோற்றைப் பற்றி ஒரு வரியும் இராது.

அவர் எழுதுவது பிழையன்று. பெங்களூருவிலிருந்து சில மணி நேரத் தொலைவிலுள்ள ரங்கனதிட்டில் பாறைமேல் வெயில் காயும் சதுப்புநில முதலைகளுக்கு அக்கூற்று முற்றிலும் பொருந்தும். மண்டையோடு பேசுவது ஓர் இனத்தின் ஆற்றலைப் பற்றி; ஒரு விலங்கின் அன்றாட உணவைப் பற்றியன்று. அழிந்துபோன முதலைகளின் உணவை உருவத்திலிருந்து ஊகிக்கும் கட்டுரைகள் பலவற்றில் இந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது. 'தின்ன வல்லது' என்று தொடங்கும் வாதம் முடிவுரையை எட்டும்போது 'தின்றது' என்றாகிவிடுகிறது.

ஊகத்தின் அடிப்படை வலுவானதே. சொம்புமூக்கு முதலை எனப்படும் கரியலின் ஒடுங்கிய நீள்மூஞ்சி நீரின் தடையைக் குறைத்துப் பக்கவாட்டில் விரைந்து வீசி மீன் பிடிக்க உதவுகிறது. திமிறும் பெருவிலங்கை முறுக்கிக் கிழிக்க அது தாங்காது. அகன்ற மூஞ்சி அந்த முறுக்கைத் தாங்கும். ஆயினும் நூற்றுக்கும் மேற்பட்ட கூர்ம்பற்களுடன் மீனுக்கென்றே வார்த்தது போன்ற கரியலும் இளமையில் பூச்சியையும் தவளையையும் தின்கிறது.

சிவாலிக் குன்றுகளில் கிடைத்த ராம்போசூக்கஸ் கிராசிடென்ஸ் இன்னும் கடினமான வழக்கு. மூஞ்சி கரியலைப் போல நீண்டது, பற்களோ தடித்தவை. இனப்பெயரின் பொருளே 'தடித்த பல்' என்பதுதான். மூஞ்சியை நம்பினால் மீனுண்ணி. பல்லை நம்பினால் பெரிய இரையையும் பிடித்திருக்கக்கூடிய விலங்கு. கிடைத்த எச்சங்களும் முழுமையற்றவை. 15 முதல் 18 மீட்டர் என்று ஒரு காலத்தில் சொல்லப்பட்ட அதன் நீளம், 2001ஆம் ஆண்டு மறுமதிப்பீட்டில் 8 முதல் 11 மீட்டராகச் சுருங்கியது. நீளத்தையே இவ்வளவு திருத்த வேண்டியிருந்த விலங்கின் உணவுப் பட்டியலை உறுதியாக எழுதுவது அவசரம்.

சொல்லாராய்ச்சியில் இந்த எச்சரிக்கை பழையது. 'நாற்றம்' என்னும் சொல்லின் அமைப்பை எவ்வளவு பகுத்தாலும், ஒரு காலத்தில் நறுமணத்தைக் குறித்த அது இன்று எதைக் குறிக்கிறது என்பது தெரியாது. வழக்கைத்தான் பார்க்க வேண்டும்.

உருவ ஆய்வு வீண் என்பதன்று இதன் பொருள். 2019இல் மெல்ஸ்ட்ராம், இர்மிஸ் இருவரும் அழிந்த முதலையினங்களின் பற்பரப்புச் சிக்கலைக் கணினியில் அளந்து, வாழும் ஊர்வன, பாலூட்டிகளின் பற்களோடு ஒப்பிட்டனர். தாவர உணவு முதலைக் கிளையில் குறைந்தது மூன்று முறையேனும் தனித்தனியே தோன்றியது என்பது அவர்கள் முடிவு. தழையை அரைக்கும் பல்முகடுகளுக்கு வேறு விளக்கம் எளிதில் கிடைக்காது என்பதால் அந்த ஊகம் நிற்கிறது. எதிர்த்திசை ஊகத்துக்கு அந்த வலு இல்லை. கூம்புப் பல் இருப்பதால் தாவரம் தின்னவில்லை என்று சொல்ல முடியாது: 2013இல் பிளாட் குழுவினர் உணவுப் பதிவுகளைத் தொகுத்தபோது, ஆராய்ந்த 18 முதலையினங்களில் 13 பழம் தின்பது தெரியவந்தது. அதுவரை அது இரையின் வயிற்றோடு தற்செயலாகச் சென்றது என்றே பெரிதும் ஒதுக்கப்பட்டிருந்தது.

ஆகவே மண்டையோட்டைக் கொண்டு எழுதுவோர் 'வல்லது' என்ற வினையோடு நின்றுகொள்ளலாம். 'தின்றது' என்று எழுத, பல்லின் நுண்தேய்மானமோ, எனாமலின் ஐசோடோப்புகளோ, இரையெலும்பில் பதிந்த கடித்தடமோ, கல்லாகிய சாணமோ வேண்டும். அவை கிடைக்காத இடங்களில் அட்டவணையின் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கட்டும்.