‘ஓப்பன் சோர்ஸ்தானே’ எண்டு சொல்லித் தப்பேலாது



சொத்துரிமையையே எதிர்க்கிற நாங்கள் ஏன் லைசன்ஸ் வாசிக்கோணும்? போன மாதம் சியாகுல்லியில் கூடியபோது ஒரு தோழர் இப்படிக் கேட்டார். பலர் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விசயம் ஒரு துண்டுப்பிரசுரம். செப்டெம்பர் 4 அன்று சாந்தா ரொசாலியாவுக்காகப் பெல்லெக்ரினோ மலை ஏறுகிற எங்கட சனத்துக்கு, வீட்டுவேலைத் தொழிலாளர் உரிமை பற்றித் தமிழிலும் இத்தாலியனிலும் அடித்தோம். கடைசி வரியில் ‘எழுத்துரு: ஓப்பன் சோர்ஸ்’ எண்டு மட்டும் கிடந்தது. எந்த எழுத்துரு, எந்த லைசன்ஸ், விதிவிலக்கு உண்டா, ஒண்டும் இல்லை. போதாக்குறைக்கு ஒரு தோழர் அதைத் திறந்து ‘லை’யின் சுழியைத் திருத்தி, திருத்திய கோப்பை எல்லாருக்கும் வாட்ஸப்பில் அனுப்பியும் விட்டார்.

அது ஃபிரீசெரிஃப். அதிலுள்ள தமிழ் எழுத்துகள் துரையப்பா வசீகரன் என்பவரின் ‘அவரங்கால்’ எழுத்துருவிலிருந்து வந்தவை. ஓம், யாழ்ப்பாணத்து அவரங்கால்தான். ஒரு மனிசன் இரவிரவாக இருந்து வரைந்த உழைப்பு. அதற்கு மேலே இருக்கிற லைசன்ஸை ‘வக்கீல் பேப்பர்’ எண்டு தள்ளினால் அந்த உழைப்பையும் சேர்த்துத்தான் தள்ளுகிறோம்.

ஜி.பி.எல். சொல்வது சுருக்கம்: எடு, மாற்று, பகிர், பகிரும்போது மற்றவருக்கும் அதே உரிமையைக் கொடு. ஜி.பி.எல். நிரலகம் ஒன்றை உன் நிரலோடு இணைத்து வெளியிட்டால் முழு நிரலுக்கும் அந்த நிபந்தனை வரும் என்பது கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. எழுத்துருவிலும் இதே சிக்கல். பி.டி.எஃப். ஆக்கும்போது எழுத்துருவின் துண்டுகள் ஆவணத்துக்குள்ளேயே போய் இருந்துவிடும். அப்ப எங்கட பிரசுரமும் ஜி.பி.எல்.லா? அதற்காகத்தான் எழுத்துரு விதிவிலக்கை எழுதினார்கள். ஃபிரீசெரிஃபுக்கு அது உண்டு. ஆனால் வாசித்துப் பாருங்கோ: எழுத்துருவையோ அதன் மாற்றப்படாத பகுதிகளையோ பதித்தால்தான் ஆவணம் தப்பும். மாற்றியவர் தன் பதிப்புக்கும் விதிவிலக்கை நீட்டலாம், அல்லது அழித்தும் விடலாம். எங்கட ‘லை’ திருத்திய தோழர் எதைச் செய்தார்? ஒண்டும் எழுதவில்லை.

பெயரை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவீர்கள். லோகித் தமிழ் முதலில் ஜி.பி.எல்.லோடு விதிவிலக்காக வந்தது, 2011இல் ஓ.எஃப்.எல். 1.1க்கு மாறியது. பழைய பென்டிரைவில் கிடக்கிற லோகித்தும் இண்டைக்கு இறக்குகிற லோகித்தும் பெயரால் ஒன்று, நிபந்தனையால் வேறு. பாமினியைப் பற்றி நான் கதைக்கவே வரவில்லை. கை மாறிக் கை மாறி வந்த அந்தக் கோப்புகளோடு லைசன்ஸ் தாள் வந்ததை நான் கண்டதில்லை.

‘அப்ப எல்லாத்துக்கும் எம்.ஐ.ரி. போட்டால் கரைச்சல் முடிஞ்சுது’ எண்டார் இன்னொருவர். யாருக்குக் கரைச்சல் முடிஞ்சுது? எடுத்துப் பூட்டி விற்கிற கம்பனிக்கு. விதிவிலக்கு என்பது கதவைக் கழற்றி வைப்பதல்ல. ஜி.சி.சி. தொகுப்பியின் 2009ஆம் ஆண்டு விதிவிலக்கைப் பாருங்கள்: உன் நிரலை எந்த லைசன்ஸிலும் வெளியிடு, ஆனால் தொகுக்கும் வழியில் மூடிய சொருகியை நுழைத்தால் சலுகை போச்சு. யாருக்குத் திறப்பது, எதுவரைக்கும் திறப்பது எண்டு யோசித்துப் போட்ட வரி அது.

இதை சியாகுல்லியில் இருந்துகொண்டு விளங்கப்படுத்த வேண்டியிருப்பதுதான் எனக்குக் கவலை. கூட்டம் முடிஞ்சு மண்டரின் தோட்டங்களுக்குள்ளால் நடந்து போனோமே, அங்கேதான் நினைவுத் தோட்டம் இருக்கிறது. மாஃபியாவிடமிருந்து பறித்த காணியில், கொல்லப்பட்டவர்களின் பெயரில் மரங்கள். 1996இன் 109ஆம் இலக்கச் சட்டம் இப்படிப் பறித்த காணிகளைச் சமூகப் பயன்பாட்டுக்குக் கொடுக்க வழி செய்தது. சும்மா ‘பொது’ எண்டு விட்டிருந்தால் பழைய ஆக்களே ஒரு பினாமியை வைத்துத் திரும்ப எடுத்திருப்பாங்கள். எழுதி வைத்த நிபந்தனைதான் அந்த மரங்களுக்கு வேலி.

இத்தாலிய அரச நிர்வாகங்கள்கூடத் தங்களுக்குச் சொந்தமான மென்பொருளைத் திறந்த லைசன்ஸில் வெளியிட வேண்டும் என்கிறது 2005இன் 82ஆம் இலக்க ஆணையின் 69ஆம் பிரிவு. அதோடு வைக்கிற விவரக் கோப்பில் லைசன்ஸின் சரியான குறியீடும் இருக்கவேணும். அரசு எழுதுகிற ஒரு வரியை எங்களால் எழுதேலாதா?

எழுத்துருக் கோப்பை ஃபொன்ட்ஃபோர்ஜில் திறவுங்கள். பெயர் அட்டவணையின் 13ஆம் இலக்கத்தில் லைசன்ஸ் விவரம், 14இல் அதன் இணைய முகவரி. விதிவிலக்கு அங்கே இல்லாவிட்டால் கூட வந்த ‘கொப்பியிங்’, ‘ரீட்மீ’ கோப்புகளைப் பாருங்கள். பிறகு பிரசுரத்தின் கீழே முழுதாக எழுதுங்கள்: ஃபிரீசெரிஃப், ஜி.பி.எல். 3 அல்லது பிந்தியது, எழுத்துரு விதிவிலக்குடன். ‘லை’ திருத்திய தோழர் தன் பதிப்புக்கும் விதிவிலக்கு உண்டு எண்டு ஒரு வரி சேர்த்து, மூலக் கோப்போடு இந்த ஞாயிறுக்குள் அனுப்பவும். வராவிட்டால் திருத்தாத ‘லை’யோடுதான் மறுபதிப்பு அடிப்போம்.