பாஸ் புஸ்தகம் யார் கையில்?

முன்னர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்த தாலுகாக்களாக இருந்து, இன்று தனித்தனி ஜில்லாக்களாக விளங்கும் பெரம்பலூரும் அரியலூரும் பெரும்பாலும் வானம் பார்த்த பூமிகள். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம், முந்திரி ஆகியவற்றை நம்பியே இப்பக்கத்து ஜனங்கள் ஜீவித்து வந்திருக்கின்றனர். ஸ்திரீகள் களையெடுத்தும் பருத்தி பறித்தும் பெற்ற கூலி அன்றன்றே அடுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்குக் கணக்கு வைத்தாரும் இல்லை. கணக்குக் கேட்டாரும் இல்லை.

இந்நிலை மாறி வருகிறது. பெரம்பலூர் ஜில்லா எறையூரில் 2022 நவம்பரில் அடிக்கல் நாட்டப்பெற்ற காலணித் தொழிற்பூங்காவில் மறு வருஷம் நவம்பரிலேயே ஆலை திறக்கப்பட்டது. அரியலூர் ஜில்லா ஜெயங்கொண்டத்தில் தைவான் தேசத்துக் கம்பெனியொன்றின் காலணி ஆலைக்கு 2024 நவம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். இத்தொழிலில் அமர்த்தப்படுவோரில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களிலும் இளம் வயதினரே மிகுதி. மாதச் சம்பளம் என்ற ஒன்றைத் தம் குடும்பத்தில் முதன்முதலாக வாங்கப் போகிறவர்கள் இவர்களில் எத்தனையோ பேர்.

இப்பெண்களுக்குப் பணத்தைப் பற்றிப் புத்தி கூற வருவோருக்குக் குறைவில்லை. சிக்கனமாயிரு, சீட்டுக் கட்டு, நகை வாங்கு என்று ஆளுக்கொன்று சொல்லுகிறார்கள். நாமோ, அப்பெண்களுக்குச் சொல்ல வேண்டியதைக் காட்டிலும் அவர்களுடைய தகப்பன்மாருக்கும் தமையன்மாருக்கும், அதாவது இப்பத்தியைப் படிக்கும் நண்பர்களுக்கே, சொல்ல வேண்டியது அதிகம் என்று கருதுகிறோம். சம்பளம் பெண்ணின் பேரில் பாங்கியில் விழுகிறது, மெய்தான். ஆனால் எத்தனையோ வீடுகளில் ஏ.டி.எம். அட்டை தகப்பனாரின் சட்டைப் பையில் இருக்கிறது. கணக்கில் பதிந்துள்ள டெலிபோன் நம்பர் அண்ணனுடையது. பாங்கி அனுப்பும் இரகசிய எண் அவனுடைய போனுக்கே போகிறது. தன் கணக்கில் எவ்வளவு பாக்கி இருக்கிறதென்று அவள் அவனைத்தான் கேட்டறிய வேண்டும். சம்பாதிப்பவள் ஒருத்தி, கணக்கு அறிந்தவன் ஒருவன் என்றால், அவளுக்குச் சிக்கனத்தைப் பற்றி உபதேசம் செய்வதில் என்ன பயன்?

கடன் வாங்கும்போது மாத்திரம் வீட்டாருக்கு வேறு நியாயம் தோன்றிவிடுகிறது. கிராமங்களில் குழு சேர்த்துக் கடன் கொடுக்கும் மைக்ரோ பைனான்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் பெண்களின் பேரிலேயே கொடுக்கின்றன. வருஷ வருமானம் மூன்று லக்ஷத்துக்கு மேற்படாத குடும்பத்துக்கு ஈடில்லாமல் கடன் தரலாம், எல்லாக் கடன்களுக்குமான தவணை சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டலாகாது என்று ரிசர்வ் பாங்கி 2022-ல் விதி செய்தது. வசூல் செய்வோரின் கொடுமை பொறுக்க முடியாமற் போகவே, பலவந்த வசூலைத் தண்டிக்கத் தமிழ்நாடு சட்டசபை 2025-ல் தனிச் சட்டமே இயற்ற நேர்ந்தது. அந்தக் கடன் பணத்தில் எவ்வளவு அவள் கையில் தங்கிற்று என்று விசாரித்தால் நம் நண்பர்களிற் சிலர் தலை குனிய வேண்டியிருக்கும். கடனுக்கு அவள் பேர் யோக்கியம். சேமிப்புக்கு மாத்திரம் அவள் கை யோக்கியமில்லையாம்!

பெண்களுக்குக் கணக்குத் தெரியாது என்ற சமாதானம் செல்லாது. 1989-ல் தர்மபுரி ஜில்லாவில் தொடங்கிப் பின்னர் ராஜ்யம் முழுதும் பரவிய சுய உதவிக் குழுக்களில் வரவு செலவு எழுதி வருகிறவர்கள் யார்? எழுத்தறிவு குறைந்த பாட்டிமார்கூட வாரச் சந்தாவில் ஒரு ரூபாய் பிசகினால் கண்டுபிடித்து விடுகிறார்கள்.

இனி, சம்பளச் சீட்டைப் பார்ப்போம். அதைக் கையில் வாங்கி வாசிப்பதே வேலைக்குப் போகும் பெண்ணின் முதற் பாடமாக வேண்டும். அதில் ‘பிடித்தம்’ என்று கண்டிருப்பதை ஆலைக்காரர் எடுத்துக்கொண்ட பணமென்றே பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 10,000 ரூபாய் என்று கொள்வோம். அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் 1,200 ரூபாய் பிராவிடெண்ட் பண்டுக்காகப் பிடிக்கப்படுகிறது. முதலாளியும் அதே அளவு கட்ட வேண்டும். அவர் கட்டுவதில் 833 ரூபாய் பென்ஷன் நிதிக்கும், மீதி 367 ரூபாய் பண்டுக்கும் போகின்றன. ஆகவே மூன்று வருஷத்தில் பண்டில் மாத்திரம், வட்டி நீங்கலாக, 56,412 ரூபாய் அவள் பேரில் சேர்ந்திருக்கும். பென்ஷன் நிதியில் ஏறக்குறைய 30,000 ரூபாய் தனி. இது யாருடைய தயவும் அன்று. அவள் உழைத்த கூலியின் ஒரு பாகம். இ.எஸ்.ஐ.க்காக அவளிடம் பிடிப்பது நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி கொடுப்பது மூன்றேகால் ரூபாய். வைத்திய உதவியும், தகுதி பெற்றவளுக்கு 26 வாரப் பிரசவகாலச் சம்பளமும் அதனால் கிடைக்கின்றன.

விபரீதம் நேர்வது கல்யாணத்தின்போதுதான். மூன்று நான்கு வருஷம் உழைத்த பெண்ணுக்கு வரன் குதிர்கிறது, வேலை நிற்கிறது, பண்டுப் பணம் முழுவதும் எடுக்கப்பட்டுப் பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் மாப்பிள்ளையின் மோட்டார் சைக்கிளுக்கும் கரைந்து விடுகிறது. பிறகு இரண்டு குழந்தைகள் பிறந்து, அவள் மீண்டும் வேலைக்குப் போகும்போது முதல் ரூபாயிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாகிறது. பத்து வருஷ சேவை நிறைந்தாலொழிய 58-வது வயதிற் பென்ஷன் கிடையாது. பழைய சேவையை அழித்துவிடாமல் புது ஆலைக்கு மாற்றிக்கொண்டிருந்தால் அந்தப் பத்து வருஷம் இரண்டு மூன்று தவணையாகவேனும் நிறைந்திருக்கும். இதற்கு வேண்டியது ஒரே யூ.ஏ.என். நம்பரை விடாமல் வைத்திருப்பதும், அதனோடு அவளுடைய சொந்த டெலிபோன் நம்பரே பதிந்திருப்பதும்தான். தமையனுடைய நம்பரைக் கொடுத்துவிட்டுப் புக்ககம் போனவள் பின்னால் எத்தனை ஆபீஸ் ஏறியிறங்க வேண்டும் என்பதை அநுபவித்தவர்கள் அறிவார்கள்.

கொங்கு நாட்டு நூற்பாலைகளில் பல வருஷங்கள் நடந்த ‘சுமங்கலித் திட்டம்’ நண்பர்களுக்கு ஞாபகமிருக்கலாம். ஏழைக் குடும்பத்துப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் வைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை தருவதாக வாக்களித்தார்கள். நடுவில் நோயால் திரும்பியவர்களிற் பலர் அத்தொகையை இழந்தனர். அதைக் கண்டித்தோர் சரியாகவே கண்டித்தனர். ஆனால் மாதச் சம்பளம் முழுவதையும் கல்யாணத்துக்கென்றே வீட்டில் முடக்கி வைப்பது அதே திட்டத்தை வீட்டார் நடத்துவதேயன்றி வேறென்ன?

“குடும்பக் கஷ்டத்துக்குப் பெண் கொடுத்து உதவக் கூடாதா?” என்று கேட்கலாம். தாராளமாகக் கொடுக்கட்டும். தம்பியின் படிப்புக்கும் தாயின் மருந்துக்கும் அவள் கொடுப்பதை நாம் குறை கூறவில்லை. அவள் தன் கையால் எடுத்துக் கொடுக்கட்டும் என்பதே நம் கட்சி. மாதம் 1,000 ரூபாயாவது அவள் பேரில், அவள் அறிய, மிஞ்சட்டும். போஸ்டாபீஸ் தொடர்வைப்பில் 6.7 சதவிகித வட்டி வீதம் அதை ஐந்து வருஷம் கட்டினால், கட்டிய 60,000 ரூபாய் 71,000-க்குச் சற்று மேலாகிறது. அதிசயமான லாபமன்று, ஆனால் ஒருவர் ஓடிவிட்டார் என்று போலீஸ் ஸ்டேஷனில் நிற்க வேண்டியதில்லை.

நகைக்கடைச் சேமிப்புத் திட்டங்களிற் பல ஏன் பதினொரு மாதத்தோடு முடிகின்றன தெரியுமா? சரக்குக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாளுக்குள் சரக்காகத் தீர்த்துவிட்டால், கம்பெனிச் சட்ட விதிகளின்படி அது டெபாசிட் ஆவதில்லை. டெபாசிட்டுக்குரிய கட்டுக்காவல்களும் அதற்கில்லை. 2023-ல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு நகைக்கடை கதவை மூடியபோது பணம் கட்டியிருந்தோர் பட்ட பாட்டை இப்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள். ரிஜிஸ்தர் ஆகாத தீபாவளிச் சீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

சட்டம் பெண்ணின் பக்கத்தில் எப்போதோ வந்துவிட்டது. ஹிந்து ஸ்திரீயின் சொத்து அவளுக்கே பூரண பாத்தியமென்று 1956-ம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. குடும்பச் சொத்தில் பெண்ணுக்கும் பிள்ளைக்குச் சமமான பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989-லேயே ஏற்றது. மத்திய சர்க்கார் அதைப் பின்பற்ற 2005 ஆயிற்று. வீட்டு அலமாரியின் சாவிதான் இன்னும் கைமாறவில்லை.

பிராவிடெண்ட் பண்டு அதிகாரிகள் 2023 ஜனவரி முதல் மாதந்தோறும் 27-ந் தேதியில் ஜில்லாக்கள்தோறும் முகாம் நடத்தி வருகின்றனர். பட்டாவுக்கும் ரேஷன் கார்டுக்கும் கிராமத்தாருக்கு மனு எழுதிக் கொடுக்கும் நம் ஊழியர்கள், எறையூர் ஆலைக்குப் போகும் பெண்களில் நான்கு பேரையாவது அவரவர் சம்பளச் சீட்டுடனும், அவரவர் பேரிலேயே வாங்கிய போனுடனும் அடுத்த முகாமுக்கு அழைத்துப் போகலாம். அந்த நால்வரில் ஒருத்தி தம் சொந்த மகளாகவோ தங்கையாகவோ இருப்பது உசிதம்.