பிராணவாயு பகைவனா?

நோய் தீர்க்கும் என்று நம்பி வாங்கும் பொருளே நோய்க்குத் துணை போகுமா? போகக்கூடும் என்கிறது அறிவியல். இன்று கடைதோறும் 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்ற சொல் மந்திரம்போல் ஒலிக்கிறது. வீரியமிக்க ஆக்சிஜன் துகள்கள் உடலைக் கெடுக்கும். ஆகவே அவற்றை அடக்கும் பொடி புற்றுநோயையும் அடக்கும் என்பது விளம்பரக்காரர் வாதம். இதில் பாதிதான் உண்மை.

சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைட்ராக்சில் ஆகிய இவை டி.என்.ஏ.வைச் சிதைத்துப் புற்றுநோய்க்கு வித்திடுவது மெய்யே. ஆனால் நோய் வந்தபின் கதை மாறுகிறது. புற்றுச் செல்லில் இவை இயல்பான செல்லைவிட மிகுதி. ஓரளவு வரை அச்செல்லைப் பெருகத் தூண்டுகின்றன. அளவு மீறினால் அதையே கொன்றுவிடுகின்றன.

காசிமேட்டுக்காரனுக்கு இதை விளக்குவது எளிது. விசைப்படகின் எஞ்சின் முழு வேகத்தில் ஓடினால் சூடேறும். கடல்நீர் குழாயில் பாய்ந்து குளிர்விப்பதால் தாங்குகிறது. குழாய் அடைத்தால் தொலைந்தது! புற்றுச் செல் அத்தகைய எஞ்சின்; குளூட்டாதயோன் அதன் குளிர்நீர். கதிர்வீச்சுச் சிகிச்சையோ உடலிலுள்ள நீரைப் பிளந்து ஹைட்ராக்சிலை உண்டாக்கி அந்தச் சூட்டை எல்லை மீறச் செய்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் 1950களிலேயே கோபால்ட்-60 கருவி வந்துவிட்டது. ஆக்சிஜன் குன்றிய செல்லைக் கொல்ல ஏறத்தாழ மூன்று மடங்கு கதிர் வேண்டியிருக்கும். அங்கே பிராணவாயு மருத்துவரின் தோழன் அன்றோ?

பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை உண்டவர்களுக்கு நுரையீரல் புற்று 18 சதவீதம் கூடியிருந்தது. குறையும் என்று எதிர்பார்த்தே மாத்திரை கொடுத்தார்கள்!

எங்கள் தெருவில் மீன் விற்கும் அத்தை ஒருவர், கதிர்வீச்சுச் சிகிச்சை நடக்கும்போதே இத்தகைய பொடி வாங்கிக் குடித்தார். ஒரு டப்பாவின் விலை அவர் நாலு நாள் கூடை சுமந்த கூலி. டப்பாவின் மேலிருந்த ஆங்கிலத்தைப் படித்துச் சொல்ல அந்த வரிசையில் நான் ஒருவனே இருந்தேன். மருத்துவரைக் கேட்கும்படி ஓர் எழுத்துகூட அதில் இல்லை. (நெல்லிக்காயையும் முருங்கைக் கீரையையும் நான் குறை சொல்லவில்லை, உணவு வேறு, செறிவூட்டிய மாத்திரை வேறு.)

"புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் மருத்துவர் அனுமதியின்றி உட்கொள்ளக் கூடாது" என்று ஒவ்வொரு டப்பாவிலும் தமிழில், பெரிய எழுத்தில் அச்சிடச் சட்டம் வேண்டும். அது வரும்வரை, வேதியியலும் விலங்கியலும் படிக்கும் நாம் நம் தெருவில் உள்ளவர்களுக்கு அந்த டப்பாக்களைப் படித்துக் காட்டலாமே.